200க்கு 200 எடுத்தாலும் இடம் இல்லை: கனடா ஜூனியர் ஹாக்கி அணியைக் கணிப்பது எப்படி?

ஜனவரி 5ஆம் தேதி மினசோட்டாவில் உலக ஜூனியர் ஐஸ் ஹாக்கி போட்டி முடிந்தது. தங்கம் ஸ்வீடனுக்கு, வெள்ளி செக் நாட்டுக்கு, வெண்கலம் கனடாவுக்கு. அரையிறுதியில் செக் அணியிடம் 6-4 என்று தோற்றதோடு கனடாவின் தங்கக் கனவு கலைந்தது. தொடர்ந்து மூன்றாவது வருடமாக அதே செக் அணிதான் குறுக்கே நின்றிருக்கிறது. 2024இல் கோதன்பர்க், 2025இல் ஒட்டாவா. இரண்டிலும் கால் இறுதி, இரண்டிலும் கடைசி நிமிடத்தில் விழுந்த கோல்.

பசங்க பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றுவதற்குள் அடுத்த வேலை ஆரம்பமாகிவிட்டது. 2027 போட்டி அல்பர்ட்டாவில், எட்மன்டனிலும் ரெட் டீரிலும் நடக்கப்போகிறது. அந்த அணியில் யார் யார் இருப்பார்கள் என்று விளையாட்டுச் சேனல்களில் இப்போதே பட்டியல் போடுகிறார்கள். ஆபீஸ் லஞ்ச் டேபிளிலும் அதே பேச்சு. நம்ம வீடுகளிலும் இந்தப் பேச்சு இப்போது இருக்கிறது. ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் பிறந்த பிள்ளைகளுக்குக் கிரிக்கெட்டைவிட இந்த விளையாட்டு நெருக்கம்.

இந்தப் பட்டியல் வெளியாகும்போது தமிழ்ப் பெற்றோர் பலரிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அவன்தானே லீக்கிலேயே அதிக பாயிண்ட் எடுத்தவன், அவனை ஏன் எடுக்கலை?" இந்தக் கேள்விக்குள் நம்முடைய வரலாறே இருக்கிறது. தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குத் தேர்வு என்றால் 200க்கு எத்தனை கட்-ஆஃப் என்பதுதான். ரேங்க் வரிசைப்படி கலந்தாய்வுக்குக் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு 1970களின் தரப்படுத்தல் இன்னும் ஆறாத காயம். மதிப்பெண்ணை விட்டு வேறு எதை வைத்துத் தேர்ந்தெடுத்தாலும் அது அநியாயமாகத்தான் முடியும் என்று அந்த அனுபவம் ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தது. அந்தச் சந்தேகத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஹாக்கி அணிப் பட்டியலைப் படித்தால் ஒன்றும் புரியாது. நம் பிள்ளைகள் இங்கே பனித்தரையிலும் அதற்கு வெளியேயும் சந்திக்கப்போகும் பல தேர்வுகளும் புரியாமல் போகும்.

பட்டியல் எப்படி உருவாகிறது

முதலில் கணக்கைப் பார்ப்போம். அணியில் 25 பேர். மூன்று கோல்கீப்பர், எட்டு டிஃபென்ஸ், பதினான்கு ஃபார்வர்ட் என்பது சமீப வருடங்களின் வழக்கம். 2027 போட்டிக்கு 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும்.

இந்த 25 இடங்களையும் ஒரே வரிசையாக நினைக்கக் கூடாது. அது ஏழெட்டு சின்னச் சின்ன வரிசைகள். பவர் பிளேயில் மேலிருந்து பந்தாட்டத்தை நடத்தும் டிஃபென்ஸ் ஆள் ஒருவர், இருவர் வேண்டும். எதிரணிக்கு ஒரு ஆள் கூடுதலாக இருக்கும்போது உடம்பைக் குறுக்கே போட்டு ஷாட்டைத் தடுப்பவர்கள் வேண்டும். ஃபேஸ்-ஆஃப் ஜெயிக்கும் சென்டர்கள் வேண்டும். டிஃபென்ஸில் இடது கை, வலது கை ஷாட் அடிப்பவர்கள் ஓரளவு சமமாக இருக்க வேண்டும். நம்ம பாஷையில் சொன்னால், சாஃப்ட்வேர் டீமுக்கு ஆள் எடுப்பது போல. பத்து பேரும் பிரமாதமான ஃப்ரன்ட்-எண்ட் ஆட்களாக இருந்தால் டேட்டாபேஸை யார் பார்ப்பது?

இதற்கு மேல் ஒரு பெரிய பூட்டு இருக்கிறது. அதன் சாவி ஹாக்கி கனடா கையில் இல்லை. என்.எச்.எல். அணியில் ஏற்கெனவே ஆடும் இளைஞனை அந்த கிளப் அனுப்பினால்தான் ஜூனியர் போட்டிக்கு வர முடியும். ஒட்டாவாவில் 2025 போட்டி நடந்தபோது கானர் பெடார்டுக்கும் மேக்லின் செலபிரினிக்கும் வயது இருந்தது. இருவரும் சிகாகோவிலும் சான் ஹோசேயிலும் என்.எச்.எல். ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆகவே கணிப்பவர் முதலில் கேட்க வேண்டியது, டிசம்பரில் யார் ஓய்வாக இருப்பார்கள் என்பதை. யார் சிறந்தவர் என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான்.

ஒட்டாவா சொன்ன பாடம்

பங்குகளைப் பார்த்து எடுப்பது சரி, ஆனால் எந்தப் பங்கு எத்தனை வேண்டும் என்று முடிவு செய்வது மனிதர்கள். அங்கேதான் தவறு நடக்கும். 2025 அணி அதற்கு நல்ல உதாரணம்.

ஸேன் பரேக் என்ற பையனை எடுத்துக்கொள்வோம். டொராண்டோவுக்கு வடக்கே நோபிள்டனைச் சேர்ந்தவர். தெற்காசிய வேர் உள்ள குடும்பம். 2023-24 சீசனில் டிஃபென்ஸ் ஆளாக இருந்துகொண்டு ஒண்டாரியோ ஹாக்கி லீகில் 33 கோல், மொத்தம் 96 புள்ளி. லீகின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது வாங்கியவர். 2024 டிராஃப்டில் கால்கரி அவரை ஒன்பதாவது இடத்தில் எடுத்தது. அவர் 2025 அணியில் இல்லை. அவருடைய சாகினா அணித் தோழர் மைக்கேல் மிசா, 15 வயதிலேயே சிறப்பு அனுமதி பெற்று லீகுக்கு வந்தவர். அந்த சீசனில் 65 ஆட்டத்தில் 134 புள்ளி எடுத்து லீகிலேயே முதலிடம் பிடித்தார். அவரும் இல்லை. ஆஷவா ஜெனரல்ஸில் ஆடிய பெக்கெட் செனெகி, 2024 டிராஃப்டில் மூன்றாவதாகப் போனவர். அவரும் இல்லை.

தேர்வாளர்கள் தரப்பிலும் வாதம் இருந்தது. பரேக்கின் தற்காப்பு ஆட்டம் பற்றிக் கேள்விகள் இருந்தன. பெரிய உடம்பு, கடின உழைப்பு, அனுபவம் என்று அந்த அணி கட்டப்பட்டது. காகிதத்தில் எல்லாப் பங்கும் நிரம்பியிருந்தது. பனித்தரையில் என்ன நடந்தது? ஐந்து ஆட்டங்களில் மொத்தம் 13 கோல். லாட்வியாவிடம் ஷூட்-அவுட்டில் தோல்வி. அதே ஆட்டத்தில் மேத்யூ ஷேஃபர் கோல் கம்பத்தில் மோதிக் காறை எலும்பு முறிந்து வெளியேறினார். பின்பகுதியிலிருந்து தாக்குதலைத் தொடங்கக்கூடிய ஆள் போனபின் அந்த வேலைக்கு மாற்று இல்லை. கால் இறுதியோடு கதை முடிந்தது.

கோல் அடிக்கும் திறமையைத் தேவைக்கு மேல் இருக்கும் சரக்கு என்று நினைத்துவிட்டார்கள் என்பது என் கருத்து. ஏழு ஆட்டம், பதினொரு நாள் நடக்கும் சின்னப் போட்டி இது. ஒருவர் காயம்பட்டால் அவருடைய வேலையைச் செய்ய இன்னொருவர் அணியிலேயே இருக்க வேண்டும். எங்க தொழிலில் பேக்கப் சர்வர் என்று சொல்வோமே, அது.

இந்த வருட மினசோட்டா அணிக்கு டேல் ஹன்டர் கோச். பரேக்கைக் கால்கரியும், மிசாவைச் சான் ஹோசேயும் அனுப்பிவைத்தன. அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர்களில் பரேக் ஒருவர். கோல் பஞ்சம் தீர்ந்தது, ஆனால் அரையிறுதியில் ஆறு கோல் வாங்கினார்கள். ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று திறக்கிறது. செனெகி விஷயம் இன்னும் வேடிக்கை. ஒரு வருடம் முன்னால் கனடா அவர் வேண்டாம் என்றது. இந்த வருடம் அவர் அனாஹெய்முக்காக என்.எச்.எல்.லில் ஆடிக்கொண்டிருந்தார்.

கடைசி இடத்துக்கு வந்தவர்

இதே டேல் ஹன்டர் 2020இல் செக் நாட்டின் ஆஸ்ட்ராவாவில் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். லீக் சுற்றில் ரஷ்யாவிடம் 6-0 என்று அடி வாங்கிய அணி அது. இறுதி ஆட்டத்திலும் அதே ரஷ்யா, மூன்றாவது பீரியடில் 3-1 என்று பின்தங்கியிருந்தார்கள். பிறகு சமன் செய்து, நான்கு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது வெற்றி கோல் விழுந்தது. அடித்தவர் அகீல் தாமஸ். டொராண்டோ வட்டாரத்தில் வளர்ந்த கறுப்பின இளைஞர். அந்தப் போட்டி முழுக்க அதிக நேரம் பெஞ்சில் இருந்தவர்.

கணிப்புப் பட்டியல் போடுபவர்கள் நட்சத்திரங்களைப் பற்றித்தான் சண்டை போடுவார்கள். உண்மையில் முதல் பதினைந்து பெயர்களில் யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இருக்காது. கடைசி பத்து இடங்களில்தான் கோச்சின் மனசு தெரியும். வாய்ப்பு வரும் வரை முகம் சுளிக்காமல் காத்திருந்து, வந்ததும் தயாராக இருப்பவர் யார்? இதற்கு எக்செல் ஷீட்டில் காலம் கிடையாது.

எட்மன்டனுக்கு என் கணிப்பு

சரி, விஷயத்துக்கு வருவோம். மினசோட்டாவில் ஆடிய 25 பேரில் பத்துப் பேருக்கு அடுத்த போட்டிக்கும் வயது இருக்கிறது. அங்கிருந்து தொடங்குகிறேன்.

கோல்கீப்பர்: ஜாக் இவான்கோவிச். மிசிசாகா பையன், இப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு ஆடுகிறார். மூன்றாவது கோல்கீப்பராக உட்கார்ந்து பார்ப்பதும் ஒரு பயிற்சிதான் என்று நினைக்கும் அமைப்பு இது. ஒரு முறை உள்ளே வந்த கோல்கீப்பரை அடுத்த முறை எளிதில் விடமாட்டார்கள். இந்தக் கணிப்பில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

டிஃபென்ஸ்: கீட்டன் வெர்ஹோஃப், கார்சன் கேரல்ஸ், கேமரன் ரீட். மூவரும் திரும்ப வருவார்கள், அவர்களை என்.எச்.எல். பிடித்து வைத்துக்கொள்ளாவிட்டால். வெர்ஹோஃபும் கேரல்ஸும் 2008இல் பிறந்தவர்கள். வழக்கமாக 19 வயதுக்காரர்கள் ஆதிக்கம் செலுத்தும் இந்தப் போட்டியில் 17 வயதிலேயே இடம் பிடித்தவர்கள். நான்காவதாக லாண்டன் டூபான்ட். 2009இல் பிறந்தவர், பெடார்டுக்குப் பிறகு மேற்கு லீகில் சிறப்பு அனுமதி பெற்ற ஒரே ஆள். அல்பர்ட்டாவில் நடக்கும் போட்டி, அல்பர்ட்டா பையன். பவர் பிளேக்கு ஒரு ஆள் வேண்டும் என்ற ஒட்டாவா பாடத்தை மறக்காவிட்டால் இவருக்கு இடம் உண்டு.

ஃபார்வர்ட்: கோல் ரெஷ்னி, பிரேடன் கூட்ஸ், கேலப் டெனொயர், பிரேடி மார்ட்டின். கடைசி மூவரும் அக்டோபரில் எங்கே இருப்பார்கள் என்பதை வான்கூவர், யூட்டா, நாஷ்வில் கிளப்புகள்தான் முடிவு செய்யும். ரெஷ்னி வட டகோட்டா பல்கலைக்கழகத்தில் ஆடுவதால் அவர் வருவதற்கு வழி எளிது. மிசா வரமாட்டார் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஷேஃபர் 2025 டிராஃப்டில் முதலாவதாகப் போய் நியூயார்க் ஐலண்டர்ஸில் நிலைத்துவிட்டார், அவரை மறந்துவிடலாம்.

கேவின் மெக்கென்னாதான் பெரிய கேள்விக்குறி. யூகானில் வளர்ந்த, பூர்வகுடியைச் சேர்ந்த இந்தப் பையன் வரும் ஜூன் டிராஃப்டில் முதல் இடத்துக்குப் பேசப்படுபவர். எடுக்கும் கிளப் அவரை உடனே ஆடவைத்தால் எட்மன்டன் ரசிகர்களுக்கு ஏமாற்றம்தான். அனுப்பிவைத்தால் அணியின் முகமே மாறும். வருவார், வரமாட்டார் இரண்டுக்கும் சம வாய்ப்பு என்றே சொல்வேன், கொஞ்சம் வரமாட்டார் பக்கம் சாய்வாக.

புதுசாக ஒரு பெயர்: பிரான்ட்ஃபர்டில் ஆடும் சென்டர் கேலப் மல்ஹோத்ரா. இவருடைய அப்பா மேனி மல்ஹோத்ரா மிசிசாகாவில் பிறந்தவர், பஞ்சாபி தந்தைக்கும் பிரெஞ்சு கனடியத் தாய்க்கும் மகன். 1998 டிராஃப்டில் ஏழாவதாகப் போய், 2000ஆம் ஆண்டு கனடா ஜூனியர் அணிக்கு கேப்டனாக இருந்தார். மகன் பட்டியலில் வந்தால் அது அப்பா பெயருக்காக இருக்காது. ஃபேஸ்-ஆஃப், தற்காப்பு, பாஸ் என்று எல்லா வேலையும் தெரிந்த சென்டருக்கு எந்தக் கோச்சும் இடம் கண்டுபிடிப்பார்.

முதல் வடிகட்டி எது?

இதுவரை பேசியதெல்லாம் கடைசி வடிகட்டி. முதல் வடிகட்டி பிறந்த தேதியிலேயே ஆரம்பமாகிறது.

கனடாவில் வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்கும். ஜனவரியில் பிறந்த குழந்தையும் டிசம்பரில் பிறந்த குழந்தையும் ஒரே பிரிவு. எட்டு வயதில் பதினோரு மாத வித்தியாசம் என்பது உயரத்திலும் பலத்திலும் பெரிய வித்தியாசம். பெரிய பிள்ளையைக் கோச் நல்ல அணிக்கு எடுக்கிறார். நல்ல அணியில் அதிகப் பயிற்சி, நல்ல கோச், அதிக ஆட்டம். பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை உண்மையிலேயே சிறந்தவனாகிவிடுகிறான். ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர் 1985இல் இதை எழுதினார். மேல்மட்ட ஜூனியர் ஹாக்கியில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பிறந்தவர்கள்.

அகீல் தாமஸின் பிறந்த நாள் 2000 ஜனவரி 2. மினசோட்டாவில் ஆடிய லியாம் கிரீன்ட்ரீ பிறந்தது 2006 ஜனவரி 1. ஒரு நாள் முன்னதாகப் பிறந்திருந்தால் அந்த அணிக்கு அவருக்குத் தகுதியே இருந்திருக்காது. மறுபக்கம் மெக்கென்னா பிறந்தது டிசம்பர் 20. அப்படியும் மேலே வரலாம், ஆனால் அதற்கு மெக்கென்னா அளவு திறமை வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வடிகட்டி பணமும் நேரமும். டொராண்டோ வட்டாரத்தில் ஜி.டி.எச்.எல். என்ற மாபெரும் சிறுவர் லீக் 1911இலிருந்து இயங்குகிறது. அதன் ட்ரிபிள்-ஏ மட்டத்தில் பிள்ளையை ஆடவைப்பது என்றால் ரிங்க் வாடகை, ஸ்கேட்ஸ், ஸ்டிக், வெளியூர் டோர்னமென்ட், கோடைக்கால கேம்ப் என்று செலவு போய்க்கொண்டே இருக்கும். பணம் ஒரு பக்கம். காலை ஆறு மணிக்குக் கார் ஓட்ட ஆள் வேண்டும். ஷிஃப்ட் வேலை பார்க்கும் அப்பா, வார இறுதியிலும் வேலைக்குப் போகும் அம்மா, முதல் தலைமுறைக் குடும்பம். எப்படி முடியும்? இதுவரை அந்த 25 பேர் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயர் வராததற்குக் காரணம் தேர்வு கேம்பில் இல்லை. அதற்குப் பத்து வருடம் முன்னால் இருக்கிறது.

அதற்காக ஸ்கார்பரோவிலிருந்து வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்கார்பரோவில் பிறந்த வேய்ன் சிம்மண்ட்ஸ் 2008இல் கனடா ஜூனியர் அணியோடு தங்கம் வென்றார், பிறகு என்.எச்.எல்.லில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார். அவர் பிறந்தது ஆகஸ்டில்.

படிப்பா, ஹாக்கியா?

நம்ம வீடுகளில் பதினைந்து வயதில் ஹாக்கி நின்றுபோவதற்கு இன்னொரு காரணம் உண்டு. படிப்பு. இது நியாயமான பயம்தான். நேற்றுவரை ஒண்டாரியோ லீக் போன்ற மேஜர் ஜூனியர் லீகில் ஒரு ஆட்டம் ஆடினாலே அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக்கான தகுதி போய்விடும். அங்கே கொடுக்கும் சிறு படிப்பணத்தை வைத்து, ஆடுபவரைத் தொழில்முறை வீரர் என்று கணக்கிட்டார்கள். பதினாறு வயதில் பையன் ஒரு கதவைத் திறந்தால் இன்னொரு கதவு மூடிவிடும்.

2024 நவம்பரில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு இந்த விதியை நீக்கியது. 2025 ஆகஸ்டிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அதன் விளைவு மினசோட்டா அணியிலேயே தெரிந்தது. மெக்கென்னா, வெர்ஹோஃப், ரெஷ்னி, இவான்கோவிச் நால்வரும் மேஜர் ஜூனியரில் ஆடிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்கள். கனடா பக்கத்திலும் மேஜர் ஜூனியரில் ஆடும் ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருட உயர்கல்விக் கட்டணம் என்ற உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. ஹாக்கியா படிப்பா என்று பதினாறு வயதில் ஒன்றை வெட்டிவிட வேண்டிய கட்டாயம் இப்போது குறைந்துவிட்டது. இந்தச் செய்தி நம் பெற்றோர் காதுக்கு இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பாயிண்ட் பட்டியலைப் பார்த்து நியாயம், அநியாயம் பேசுவதில் தவறில்லை. மிசாவும் பரேக்கும் இல்லாத அணியைப் பார்த்து ரசிகர்கள் கோபப்பட்டது சரிதான் என்று ஒட்டாவா காட்டியது. ஆனால் "என் பிள்ளைதான் அதிக கோல் அடிச்சது, ஏன் எடுக்கலை?" என்று ட்ரை-அவுட் முடிந்ததும் கோச்சிடம் சண்டைக்குப் போவதில் பயன் இல்லை. "எந்த வேலைக்கு ஆள் தேடறீங்க? அதுக்கு இவன் என்ன கத்துக்கணும்?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். நாளைக்கு வேலை இன்டர்வியூவில் இதே பிள்ளைக்கு இதே கேள்விதான் உதவப்போகிறது.

அதுவரை டிசம்பருக்காகக் காத்திருக்க வேண்டாம். பிராம்ப்டன், ஆஷவா, பிரான்ட்ஃபர்ட் எல்லாம் ஒரு மணி நேரம் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கின்றன. லீஃப்ஸ் டிக்கெட் விலையில் ஒரு குடும்பமே அங்கே போய் வரலாம். பக்கும் கோலும் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, பக் இல்லாதபோது ஒரு சென்டர் எங்கே நிற்கிறார் என்று பிள்ளையோடு சேர்ந்து பாருங்கள். தேர்வாளர்கள் அதைத்தான் பார்க்கிறார்கள். இவான்கோவிச், வெர்ஹோஃப், கேரல்ஸ், ரீட், டூபான்ட், ரெஷ்னி, மல்ஹோத்ரா: என் ஏழு பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் வரும் நாளில் எத்தனை தேறியது என்று எண்ணிப் பார்ப்போம்.